தண்ணி ஏறட்டும்

சொல்வதைக் கேட்காத நோயாளிகளை எனக்கு நன்றாகத் தெரியும். பிசியோதெரபி கிளினிக் நடத்துபவளுக்கு அவர்களைத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் சொல்வதை முழுக்கக் கேட்டு, ‘ஓம் பிள்ளை, நீ சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி’ என்று தலையாட்டி, வெளியே போய் அதற்கு நேர் எதிராகச் செய்த ஒரே மனிதர் அந்த அன்ரிதான். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

என் கிளினிக் சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருக்கிறது. முதல் தடவை அவர் வந்தபோது நெற்றியில் பொட்டுக்கு மேலே நன்றாகக் கன்றிப்போன ஒரு வீக்கம் இருந்தது. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபதைத் தாண்டி நெடுநாளான ஒடிசலான உடம்பு. முழங்கைக்குக் கீழே மட்டும் மேசன் வேலை செய்பவரின் கைகள்.

‘விழுந்தனீங்களோ அன்ரி?’

‘இல்லை. வாசல் இடிச்சது.’

‘எந்த வாசல்?’

‘என்ரை வீட்டு வாசல்தான். ஒவ்வொரு நாளும் இடிக்கும்.’

‘வீட்டிலை படி இருக்கோ?’

‘படி இல்லை, பாலம். ஒரு நேரம் மட்டமாக் கிடக்கும், ஒரு நேரம் ஏணி மாதிரி நிக்கும். அது தண்ணியைப் பொறுத்தது.’

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலையில் அடிபட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இன்றைக்கு என்ன நாள், நாட்டின் பிரதமர் யார் என்று மெதுவாகக் கேட்டேன். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, ‘எனக்கு விசர் எண்டு நினைச்சிட்டியே பிள்ளை?’ என்று கேட்டார். அதன் பிறகுதான் தான் படகில் குடியிருப்பதாகச் சொன்னார்.

அவருடைய படகை ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். வடக்கே ஹோக்ஸ்பரி ஆற்றில், புரூக்ளின் என்ற சிறிய ஊரில், படகுகளைக் கட்டிவைக்கும் மிதவை மேடையின் கடைசி நுனியில் அது கிடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர், தன் ஊர்க் கால்வாய்களில் ஓடும் படகுகளின் ஞாபகத்தில் வீட்டுக் கொல்லையில் வைத்துக் கட்டியதாம். ரயில்பெட்டி மாதிரி நீளம், அதில் பாதிகூட அகலமில்லை. இரண்டு பேர் எதிரும் புதிரும் வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வழிவிட வேண்டும். ஆடாமல் அசையாமல் நிற்கும் கால்வாய்த் தண்ணீருக்காக யோசித்த படகை அலையும் இழுப்பும் உள்ள ஆற்றில் விட்டிருந்தார்கள். வாசல் என் கழுத்து உயரம். அன்ரி உள்ளே போகும்போதெல்லாம் நெற்றியை இடித்துக்கொண்டு, ‘குள்ளன், கட்டையிலை போவான்’ என்று அந்த வெள்ளைக்காரரைத் திட்டுவார். குனிந்தால் இடிக்காது என்று நான் சொன்னேன். ‘ஓம் பிள்ளை, சரிதான்’ என்றார். அடுத்த தடவையும் இடித்தார்.

அங்கே ஒரு நாளைக்கு என்னென்ன தூக்க வேண்டும் என்று பார்த்தபோது எனக்கே முதுகு வலித்தது. குடிதண்ணீர்க் குழாய் கரையில் இருந்தது. பிளாஸ்டிக் கான்களில் பிடித்துப் பாலத்தால் இறக்கி, மேடை முழுவதும் நடந்து கொண்டுவர வேண்டும். காஸ் சிலிண்டரும் அப்படித்தான். கக்கூசின் அடியில் ஒரு பெட்டி. அது நிறைந்ததும் இழுத்தெடுத்து, மேடையால் நடந்து, பாலத்தில் ஏற்றி, கரையில் அதற்கென்று உள்ள குழியில் ஊற்றிக் கழுவ வேண்டும். அடித்தட்டில் ஊறும் தண்ணீரைக் குந்தியிருந்து கைப்பம்பால் இறைக்க வேண்டும். கட்டிலைப் போடுவதென்றால் மேசையைக் கழற்ற வேண்டும், மேசையைப் போடுவதென்றால் கட்டிலை மடக்க வேண்டும். கடல் பக்கத்தில் என்பதால் ஆற்றுத் தண்ணீர் தினமும் இரண்டு தடவை ஏறி வற்றும். வற்றும்போது மிதவை மேடை கீழே இறங்கிவிடும். கரைக்கும் மேடைக்கும் இடையிலான அந்த இரும்புப் பாலம் செங்குத்தாகச் சரிந்துவிடும். ஆகவே அன்ரியின் வேலைகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துத்தான் நடந்தன. கைப்பேசியில் பஞ்சாங்கமும் இருந்தது, தண்ணீர் ஏறி வற்றும் நேரமும் இருந்தது. அவர் அதிகம் பார்த்தது இரண்டாவதைத்தான். ‘எப்ப அடுத்த தடவை வருவீங்கள்?’ என்று கிளினிக்கிலிருந்து கேட்டால், ‘தண்ணி ஏறட்டும், வாறன்’ என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். என்னுடைய வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு அதை எந்த நேரத்தில் பதிவது என்று ஒருநாளும் புரிந்ததில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் யாரையும் எதையும் தூக்கவிடாததுதான். அன்றைக்கு நான் ஒரு தண்ணீர்க் கானில் கை வைத்ததும், ‘விடு பிள்ளை, வை கீழை’ என்று ஒரு அதட்டல். வெறுங்கையோடு நான் முன்னால் நடக்க, இடுப்பு நோகிற நோயாளி இரண்டு கையிலும் கானோடு பின்னால் வந்தார். பக்கத்துப் படகுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால், ‘அங்கை இராதை, மற்றப் பக்கம் இரு, படகு சாயுது’ என்றார். என் எடைக்குச் சரியாக எதிர்ப்பக்கத்தில் அரிசி மூட்டையைக் காலால் தள்ளி வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றினார்.

இடுப்புக்குப் பயிற்சி செய்யச் சொல்லி ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தேன். அது காஸ் சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஊன்றுகோல் கொடுத்திருந்தேன். அது பக்கத்துப் படகு வந்து இடிக்காமல் தள்ளிவிடும் கோலாகியிருந்தது. ‘நல்ல சாமான் பிள்ளை, இன்னும் ஒண்டு கிடைக்குமோ?’ என்று கேட்டார்.

அவர் ஒன்றும் தெரியாதவரல்ல என்பதுதான் என் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது. ஓய்வு பெறும்வரை முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். எழும்ப முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து குளியலறைக்கும் மாற்றுவதுதான் அவருடைய தொழில். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, பாரத்தை உடம்போடு சேர்த்துத் தூக்க வேண்டும் என்று புதியவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். அந்த மனிதர் தன் கக்கூசுப் பெட்டியைக் கையை நீட்டி, முதுகை வளைத்து, வெடுக்கென்று இழுப்பார். கேட்டால், ‘அது ஆக்களுக்கு. பெட்டிக்கு நோகாது’ என்பார்.

பால் காய்ச்சிய கதையையும் சொல்ல வேண்டும். எல்லாம் அங்கேதான் கெட்டது.

படகுக்குக் குடிவந்து பால் காய்ச்சவில்லை என்பது அவருடைய தமையனுக்குப் பெரிய குறை. டூங்காபியில் இருந்த அந்தப் பெரியவர் கோயில் ஐயரிடம் நாள் கேட்டு, நேரம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு வந்தது, பூசணிக்காய் வந்தது, தேங்காய்கள் வந்தன, அந்தப் படகில் வைக்க இடமே இல்லாத ஒரு மைக்ரோவேவும் வந்தது. வெறுங்கையோடு வர நம் ஆட்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சாமான் உள்ளே வரும்போதும் அன்ரி வேறொரு சாமானை மற்றப் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தால் நல்லது. தமையன் கைப்பேசியில் திசைகாட்டியைப் பார்த்துக் கிழக்கு எது என்று காட்டினார். பால் கொதிக்கத் தொடங்கியதும், வழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று அத்தனை பேரும் கிழக்குப் பக்கத்துக்குப் போனார்கள். படகு சாய்ந்தது. பானையில் இருந்த பால், பொங்கியதும் பொங்காததும் எல்லாம் சேர்ந்து கிழக்கே ஊற்றியது.

‘கிழக்காலை! கிழக்காலை பொங்கிட்டுது!’ என்று தமையன் கைதட்டினார்.

‘அண்ணை, நீங்கள் அங்காலை நிண்டா வேறை எங்காலை பொங்கும்?’ என்றார் அன்ரி, துணியோடு நிலத்தில் குந்திக்கொண்டே. கிழக்குப் பக்கத்து ஜன்னலால் தண்ணீரும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

மத்தியானம் தண்ணீர் வற்றிவிடும், சாப்பிட்டதும் புறப்பட வேண்டும் என்று அவர் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். சாப்பிட்டார்கள். ‘போயிட்டு வாறம்’ என்று எழும்பினார்கள். எழும்பி நின்று கதைக்கத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் விடைபெறுவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்றுதான் முக்கியமான கதை எல்லாம் ஞாபகம் வரும். அன்ரி மேடைக்கும் படகுக்குமாக நடந்து நடந்து தண்ணீரைப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தபோது பாலம் ஏணியாகியிருந்தது. சேலை கட்டிய பெண்களும் சர்க்கரை வருத்தக்காரரும் மூட்டுவலிக்காரரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

தண்ணீர் ஏறும்வரை இருக்கலாம் என்று நான் சொன்னேன். ‘இவ்வளவு பேரும் இஞ்சை இருந்தா படகு தண்ணிக்குள்ளை தாண்டுபோகும்’ என்றார் அன்ரி. பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொருவராக மேலே ஏற்றத் தொடங்கினார். அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, இடுப்பால் முட்டுக்கொடுத்து, அவருடைய பழைய தொழில் நேர்த்தியோடு. நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டார். கடைசியாகத் தமையன். கனத்த உடம்பு. பாதியில் அவருடைய கால் வழுக்கியது. அன்ரி அவரை விடவில்லை. அன்ரியின் வலது தோளில் ஏதோ கிழிந்தது.

அதன் பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. ஸ்கான் எடுத்துப் பார்த்த டாக்டர், தசைநார் அறுந்துவிட்டது, இந்த வயதில் முழுவதும் சரிவராது என்றார். நான் பயிற்சி கொடுத்தேன். அவர் தலையாட்டினார். கான்களை இடது கையால் தூக்கினார்.

அப்போதுதான் அன்ரியின் மகன் என்னைப் போனில் கூப்பிட்டார். மெல்பேர்னில், ட்ருகனினாவில் புதிதாக வீடு கட்டிக் குடும்பத்தோடு இருப்பவர். அம்மாவுக்கென்று கீழ்த்தட்டில் அறை, குளியலறையில் பிடிகம்பி எல்லாம் போட்டு வைத்திருந்தார்.

‘அக்கா, நீங்கள் சொன்னாக் கேப்பா. யூ ஆர் ஹெர் பிசியோ.’

‘நான் சொல்லி அவ கேட்டதெண்டு ஒண்டு காட்டுங்கோ பாப்பம்’ என்றேன்.

கடைசியில் மூன்று பேரும் போனில் சண்டை பிடித்து ஒரு முடிவுக்கு வந்தோம். மகன் சிட்னிக்கு வருவார். அன்ரி தன் வேலைகளை எங்கள் முன்னால் செய்து காட்டுவார். அவருக்கு முடியும் என்று நான் சொன்னால் மகன் இனி வாயைத் திறக்க மாட்டார். முடியாது என்று சொன்னால் அன்ரி ட்ருகனினாவுக்குப் போக வேண்டும். அன்ரி உடனே சம்மதித்தார். தண்ணீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு நாளும் சொன்னார். ஏமாற நான் தயாராக இல்லை. வற்றிய நேரத்தில்தான் பார்ப்பேன் என்றேன்.

‘நீ கெட்டிக்காரி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வெயில் நன்றாக ஏறிய ஒரு காலை. பாலம் செங்குத்தாகக் கிடந்தது. அன்ரி இடது கையில் கானைத் தூக்கிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் அடி வைத்து இறங்கினார். கானை உள்ளே வைத்தார், படகு சாய்ந்தது, அரிசி மூட்டையைக் காலால் தள்ளினார். சிலிண்டரைக் கழற்றி மாட்டினார். குந்தியிருந்து தண்ணீர் இறைத்தார். வாசலில் இடித்துக்கொண்டு குள்ளனைத் திட்டினார். மகன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கடைசியாகக் கக்கூசுப் பெட்டி. மகனும் நானும் முன்னாலேயே கரைக்கு ஏறி நின்றோம். அதைத் தூக்கிக்கொண்டு ஏற ஒரு கை வேண்டும், கம்பியைப் பிடிக்க மற்றக் கை வேண்டும். நடுப்பாலம்வரை வந்துவிட்டார். அங்கே வலது கை கம்பியைப் பிடிக்க எழும்பவில்லை. இன்னொரு தடவை முயன்றார். எழும்பவில்லை. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அப்படியே நின்றார்.

மகன் பாய்ந்து பாலத்தில் கால் வைத்தார். ‘அம்மா, தாங்கோ!’

‘தொடாதை.’

‘ப்ளீஸ் அம்மா. விழப்போறீங்கள்.’

‘கிட்ட வந்தியோ, பெட்டியை உன்ரை தலையிலை கவிழ்ப்பன்.’

பெட்டியில் இருந்தது என்னவென்று தெரிந்ததால் மகன் பின்வாங்கினார். அன்ரி முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பெட்டியை மெல்ல இறக்கி, பாலத்தின் குறுக்குச் சட்டத்தில் நிறுத்தி, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

‘இப்ப என்ன செய்யப் போறீங்கள்?’ என்று கத்தினேன்.

‘தண்ணி ஏறட்டும்.’

எனக்கு அன்றைக்கு மத்தியானம் கிளினிக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். போன் பண்ணி எல்லோரையும் வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கோபத்தோடு பாலத்தில் இறங்கி அவருக்கு ஒரு சட்டம் கீழே உட்கார்ந்தேன். தூண்டிலோடு வந்த ஒருவர் எங்களைக் கடந்து போக முடியாமல் நின்று, ‘ஆர் யூ ஓகே, லவ்?’ என்றார். ‘ஓல் குட்’ என்று அன்ரி காலை மடக்கி வழிவிட்டார். பெட்டியை மட்டும் சுற்றிப் போகச் சொன்னார். தூரத்தில் ரயில் பாலத்தால் ரயில்கள் போய் வந்துகொண்டிருந்தன.

‘ஏன் அன்ரி இப்பிடிச் செய்யிறீங்கள்? பெத்த பிள்ளைதானே. ஒரு கை குடுத்தா என்ன?’

அவர் பெட்டி சரியாமல் ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

‘ஆக்களைத் தூக்கிற மெஷின் இருக்கல்லோ பிள்ளை, துணி மாதிரி ஒண்டிலை கிடத்தி மேலை உயர்த்திறது. நான் எத்தினை பேரை அதிலை ஏத்தியிருப்பன். காலெல்லாம் தொங்கும். உயர்த்தேக்கை எல்லாரும் கண்ணை மூடுவினம். டாக்டரா இருந்தவையும் மூடுவினம், கடை வைச்சிருந்தவையும் மூடுவினம். பயத்திலை இல்லை. தாங்கள் அங்கை இல்லை எண்டு நினைக்கிறதுக்கு.’ வலது தோளை இடது கையால் தடவினார். ‘அதாலைதான் நான் இஞ்சை வந்தனான். இஞ்சை ஒவ்வொரு நாளும் தூக்க வேணும். தூக்கிற வரைக்கும் என்னை ஒருத்தரும் தூக்கேலாது.’

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனை ரப்பர் பட்டை மிச்சமாகியிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தண்ணீர் ஏறுவது பார்த்துக்கொண்டிருந்தால் தெரிவதில்லை. மகன் கரையில் நின்று போனில் கதைத்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு சாப்பாடு வாங்கி வந்து கம்பிக்கு மேலால் எட்டித் தந்தார். கக்கூசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பிஷ் அண்ட் சிப்ஸ் சாப்பிட்டது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். சாய்ந்து உட்கார்ந்திருந்த என் முதுகு எப்போதோ நிமிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தபோது மேடை எங்களை நோக்கி ஏறி வந்திருந்தது. பாலம் சாதாரணச் சரிவாகியிருந்தது.

அன்ரி எழும்பினார். பெட்டியை இடது கையில் எடுத்து, கம்பியைப் பிடிக்காமலே நடந்து கரைக்குப் போனார். ஊற்றிக் கழுவி, கைகளையும் கழுவிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

மகன் என்னைப் பார்த்தார். ஒரு கிழமையாக நான் மனதுக்குள் சொல்லிப் பழகி வைத்திருந்த பதில் ‘முடியாது’ என்பதுதான். வாயைத் திறந்தேன்.

‘நீ ஒண்டும் சொல்லாதை’ என்றார் அன்ரி. ‘நெருப்புப் பிடிச்சா தண்ணி ஏறுமட்டும் குந்திக்கொண்டிருக்கேலாது. அது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனி?’ பிறகு மகனிடம் திரும்பினார். ‘வாறன். இவள் சொல்லி இல்லை, நானாத்தான் வாறன். ஆரும் தூக்கிக்கொண்டு போறதுக்கு முதல் நடந்து போயிடவேணும்.’

என் கையில் இருந்த அந்த ஒரு பதிலையும், தண்ணீர்க் கானைப் பிடுங்குவது போலப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டார். மகன் அழுதார். எனக்கு அன்ரி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. போகாதேங்கோ என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

புறப்பட்ட நாளின் நேரத்தையும் அவர்தான் குறித்தார். ஐயரைக் கேட்கவில்லை. நாங்கள் போனபோது தண்ணீர் நன்றாக ஏறி, பாலம் மட்டமாகக் கிடந்தது. மகனும் நானும் கைகளைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றோம். சூட்கேசில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. கடைசித் தடவையாக நெற்றியை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். குள்ளனைத் திட்டவில்லை. சூட்கேசை இடது கையில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார்.

பாலம் முடிந்து கரை தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் படி. குழந்தைகூடத் தாண்டும். அங்கே வந்து நின்றார். சூட்கேசைக் கரையில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

‘பிள்ளை, கையைத் தா.’

நான் பதறிக் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு ஏறினார். என் தொழிலில் இது கைக்குத்தான் முதலில் தெரியும்: பிடிப்பவர் எவ்வளவு பாரத்தை நம் மேல் விடுகிறார், எவ்வளவைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார் என்று. அவருடைய பிடி இறுக்கமாக இருந்தது. பாரம் என்று ஒரு துளியும் என் கையில் விழவில்லை.

‘பாத்தியே,’ என்றார் மகனுக்கும் கேட்கும்படியாக, ‘இவள் இல்லாட்டி இண்டைக்கு ஏறியிருக்க மாட்டன்.’

பச்சைப் பொய். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

‘ஓம் அன்ரி, சரிதான்’ என்று தலையாட்டினேன்.